மதுரைக் காம்பவுண்டு வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வயர்மேனின் திறந்த மடல்

மதுரையில் காம்பவுண்டு வீடுகளை, அதாவது ஒரே சுற்றுச்சுவருக்குள் பல போர்ஷன்களாக உள்ள வீடுகளை, வாடகைக்கு விட்டிருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

செல்லூர், ஆரப்பாளையம், அனுப்பானடி, வில்லாபுரம் பக்கமெல்லாம் வீட்டு வயரிங் வேலை பார்ப்பவன் நான். உங்களில் பலருடைய மெயின் போர்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு குடி காலிசெய்து அடுத்த குடி வருவதற்குள் வெள்ளையடிக்க ஆள் விடுகிறீர்கள் அல்லவா, அதே வாரத்தில் அந்தப் போர்ஷனின் எர்த்தை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் இணைப்பைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம்) பொருத்திக் கொடுங்கள். உங்கள் செலவிலேயே செய்யுங்கள்.

"ஃபிரிட்ஜைத் தொட்டா ஷாக் அடிக்குது", "வாஷிங் மெஷின் சுர்ருன்னு இழுக்குது" என்று குடியிருப்பவர்கள் உங்களிடம் வந்து சொல்லும்போது பெரும்பாலும் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்க." இல்லையென்றால், "உங்க மெஷின்ல கோளாறு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க." மெக்கானிக் வந்து மெஷினைக் கழற்றிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். இன்றைய வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் போன்றவற்றில் இரைச்சலை வடிகட்ட உள்ளே சிறு கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவை மிகச் சிறிய கரண்டை உடம்புத் தகட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அது போக வழியில்லாமல் தகட்டிலேயே நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 100 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். அந்தச் சுர் என்ற இழுப்பு ஆளைக் கொல்லாது. ஆனால் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் வயரே இல்லை என்று அது உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு வயர் உரிந்து தகட்டைத் தொட்டால், 230 வோல்ட் முழுதாக அங்கே நிற்கும். எந்த ஃபியூஸும் போகாது. மெஷின் அவர்களுடையது, உண்மைதான். எர்த் உங்களுடையது.

காம்பவுண்டு வீடுகளில் எர்த் எங்கே தொலைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது யாரோ ஒருவர் கரியும் உப்பும் போட்டுக் குழாய் புதைத்திருப்பார். பிறகு முற்றத்துக்குச் சிமென்ட் போட்டபோது குழாயின் தலை மூடிப்போயிருக்கும். அல்லது குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டும்போது பச்சை வயர் இடைஞ்சலாக இருக்கிறதென்று வெட்டியிருப்பார்கள். ஒரே வீடாக இருந்ததை மூன்று போர்ஷனாகத் தடுத்தபோது கரண்ட் வரும் ஃபேஸையும் அது திரும்பிப் போகும் நியூட்ரலையும் மட்டும் இழுத்து, எர்த்தை முதல் போர்ஷனோடு விட்டிருப்பார்கள். பழைய மரப்பட்டை வயரிங்கில் பல அறைகளுக்கு எர்த் வந்ததே இல்லை. அதன்மேல் புது மூன்று பின் பாயிண்ட் மட்டும் பளபளவென்று மாட்டியிருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எர்த் வயர் இல்லாத இடத்தில், பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் எடுத்து எர்த் பின்னில் முறுக்கிவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு ஷாக் நின்றுவிடும். வீட்டுக்காரருக்கும் திருப்தி, குடியிருப்பவருக்கும் திருப்தி, வேலை பார்த்தவருக்குக் கூலியும் கிடைத்துவிடும். பிறகு என்றைக்காவது மெயினிலோ கம்பத்திலோ நியூட்ரல் அறுந்தால் என்ன நடக்கும்? எரிந்துகொண்டிருந்த பல்பு, ஓடிக்கொண்டிருந்த ஃபேன் வழியாக ஃபேஸ் கரண்ட் நியூட்ரல் வயருக்கு வந்து நிற்கும். திரும்பிப் போக வழி கிடையாது. அந்த நியூட்ரலோடு முறுக்கிவைத்த ஃபிரிட்ஜின் கதவு, கிரைண்டரின் உடம்பு, இரும்பு அலமாரிமேல் வைத்த மிக்ஸி எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறிவிடும். இத்தனைக்கும் அந்தச் சாமான்கள் ஒன்றில்கூடக் கோளாறு இருக்காது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் இருட்டில் ஃபிரிட்ஜைத் திறப்பார். என் தொழிலில் இதைச் செய்பவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. நீங்களும் இனி ஒருமுறைகூட அனுமதிக்கக் கூடாது. பாயிண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; எர்த் பின்னில் என்ன வயர் வருகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

இதோடு சேர்ந்தது பழைய இரும்புப் பெட்டி மெயின். அதில் ஃபேஸுக்கு ஒரு ஃபியூஸ் கட்டை, நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ் கட்டை என்று இரண்டு இருக்கும். நியூட்ரல் கட்டை போய்விட்டால் வீடே இருண்டுவிடும், ஆனால் ஃபேஸ் எல்லா வயரிலும் உயிரோடு இருக்கும். டெஸ்டரை வைத்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரியும். "ரெண்டு பக்கமும் கரண்ட் வருதுண்ணே" என்று யாராவது சொன்னால், அது நியூட்ரல் விட்டுப்போனதற்கான அடையாளம். மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அந்த இரும்புப் பெட்டி இன்னும் உங்கள் சுவரில் இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

"எங்க வீட்ல எர்த் இருக்கு, எம்.சி.பி.யும் போட்டாச்சு, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் வீட்டு எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர் மண் காய்ந்து கிடக்கும்போது 20 ஓம் என்பது ஒன்றும் பெரிய அளவல்ல. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 2 ஓம். கீசருக்குள் ஃபேஸ் வயர் தகட்டைத் தொட்டுவிட்டது. 230 வோல்ட்டை 22 ஓமால் வகுத்தால் பத்தரை ஆம்பியர் வரும். உங்கள் எம்.சி.பி. 16 ஆம்பியர். அது அசையாது. வீடுகளில் போடும் சி டைப் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமென்றால் அதன் அளவைப்போல் ஐந்திலிருந்து பத்து மடங்கு கரண்ட் பாய வேண்டும். அதாவது குறைந்தது 80 ஆம்பியர். பத்தரை ஆம்பியர் பாய்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கீசரின் உடம்பில் எத்தனை வோல்ட் நிற்கும்? சுமார் 209. எர்த் வயர் ஒழுங்காக மாட்டியிருந்தும், எம்.சி.பி. நல்ல நிலையில் இருந்தும், ஈரக் கையோடு தொடுகிறவருக்கு 209 வோல்ட்.

எம்.சி.பி. வயர் எரியாமல் காப்பதற்கு. ஆளைக் காப்பதற்கு இல்லை. ஈரத் தோலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது உடம்பில் பாய்வது 200 மில்லி ஆம்பியருக்கு மேல். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். ஒரு மனிதர் இறந்துகொண்டிருப்பது எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது.

ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி வேலை செய்கிறது. ஃபேஸில் போன கரண்டையும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டையும் அது எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அந்தக் கரண்ட் எர்த் வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ வெளியே போகிறது என்று எடுத்துக்கொண்டு 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால் 0.04 விநாடி. மேலே சொன்ன கீசர் கதையில், வயர் தகட்டைத் தொட்ட அந்த நொடியிலேயே விழுந்திருக்கும். யாரும் தொடும்வரை காத்திருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: எம்.சி.பி. உடனே விழ வேண்டுமென்றால் இரண்டு பக்க எர்த்தும் சேர்த்தே 3 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும், ஆர்.சி.சி.பி.க்கு எர்த் நூறு ஓம் இருந்தாலும் போதும். மதுரை மாதிரி கோடையில் காய்ந்துபோகும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் கிடையாது. மின்வாரியமும் ஆர்.சி.டி. என்ற பெயரில் இதைத்தான் வீடுகளில் பொருத்தச் சொல்கிறது.

இதற்குச் செலவு, சாதனத்துக்கும் கூலிக்கும் சேர்த்து, பெரும்பாலான போர்ஷன்களில் ஒரு மாத வாடகையைவிடக் குறைவு. நீங்கள் வாங்கிவைத்திருக்கும் அட்வான்ஸை நினைத்துப் பாருங்கள்.

பணத்தை வைத்துப் பேசினால்தான் சிலருக்குப் புரியும் என்பதால் இதையும் சொல்கிறேன். மேலே சொன்ன பத்தரை ஆம்பியர் கசிவு ஒரு நாள் முழுக்க ஓடினால் 58 யூனிட். ஒரே ஒரு ஆம்பியர் கசிந்தால்கூட இரண்டு மாத பில்லில் 330 யூனிட் ஏறும். "ஈபி பில் திடீர்னு எகிறிருச்சு, குடியிருக்கிறவங்க ஏசி போட்டுட்டாங்க" என்று சண்டைக்குப் போகும் முன், எல்லாச் சாமான்களையும் அணைத்துவிட்டு மீட்டரில் விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் கரண்ட் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

இனி சட்டம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, வீட்டின் உள்ளும் வெளியும் உள்ள மின் வயரிங்கும் அது சார்ந்த பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு; வெள்ளையடிப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. சுவிட்ச், பிளக் பாயிண்ட், கீசர், சர்க்யூட் பிரேக்கர் ஆகியவற்றின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. "ஆர்.சி.சி.பி.யும் ஒரு பிரேக்கர்தானே, அவங்களே போட்டுக்கட்டும்" என்று நீங்கள் வாதாடலாம். இருக்கிற பிரேக்கர் கெட்டுப்போனால் அவர்கள் மாற்றட்டும். இல்லாத காப்பை ஏற்படுத்துவது வயரிங்கோடு சேர்ந்த வேலை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவர் உங்கள் சுவரைக் குடைந்து எர்த் இழுக்க மாட்டார். அப்படி இழுக்க நீங்களும் விட மாட்டீர்கள்.

சாதனம் வாங்கும்போது அதன் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் சாதனங்களும் கடையில் அதே உருவத்தில் இருக்கும். உயிர் காக்க அவை உதவாது. இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் இருக்கும் வீடென்றால் ஏ டைப் கேளுங்கள். காம்பவுண்டு முழுவதற்கும் மெயினில் ஒன்றே ஒன்று போட்டு முடித்துவிடாதீர்கள். ஒரு வீட்டு அயர்ன் பாக்ஸ் கசிந்தால் எல்லா வீடும் இருண்டுவிடும், அடுத்த நாளே யாராவது அதைச் சுற்றி நேராக இணைத்துவிடுவார்கள். போர்ஷனுக்கு ஒன்று, பொதுவான தண்ணி மோட்டாருக்குத் தனியாக ஒன்று.

பொருத்திய முதல் வாரம் விழுந்துகொண்டே இருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் ஆர்.சி.சி.பி. இந்த முதல் வாரத்தில்தான் பிடுங்கப்படுகிறது. "பழைய வீட்டுக்கு இது செட் ஆகாது" என்று சொல்லும் வயர்மேனை நம்பாதீர்கள். அது விழுவதற்கு ஒவ்வொரு முறையும் காரணம் உண்டு. கீசர் போட்டவுடன் விழுந்தால் அதன் சூடாக்கும் சுருள் வெடித்திருக்கிறது. மழை பெய்தால் மட்டும் விழுந்தால் மாடி விளக்கிலோ மோட்டார் கனெக்‌ஷனிலோ தண்ணீர் இறங்குகிறது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த லைனில் கசிவு என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ஆர்.சி.சி.பி. மேலே நிற்கவில்லையா? எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும் என்பதால் அந்தக் கோளாறு அதற்கு அகப்படாது. நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும்.

காம்பவுண்டு வீடுகளுக்கே உரிய தலைவலி வேறொன்று. இரண்டாம் போர்ஷன் விளக்குக்கு நியூட்ரல் பக்கத்துப் போர்ஷனிலிருந்து எடுத்திருப்பார்கள். போன கரண்ட் ஒரு சாதனம் வழியாகவும், திரும்பி வரும் கரண்ட் இன்னொரு சாதனம் வழியாகவும் போனால் இரண்டுமே விழும். கலந்துபோன நியூட்ரல்களைப் பிரிப்பது ஒரு நாள், இரண்டு நாள் வேலை. கூலி அதிகம்தான். ஆனாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு போர்ஷனின் மெயினை அணைத்துவிட்டு அங்கே வேலை செய்பவரின் கையில் பக்கத்து வீட்டுக் கரண்ட் நியூட்ரல் வழியாக வந்து நிற்பது இதனால்தான்.

எர்த்தைச் சோதிக்கும் விஷயத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட்ஸ் பல்பைப் பிடித்து, "நல்லா எரியுது பாருங்க சார்" என்று காட்டுவார்கள். அந்தப் பல்பு எடுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. எர்த் 50 ஓம் இருந்தாலும் அது பளிச்சென்றுதான் எரியும். மல்டிமீட்டரில் 230 காட்டுவது அதைவிடவும் உபயோகமற்றது. எர்த் டெஸ்டர் வைத்து எத்தனை ஓம் என்று எண்ணாகக் கேளுங்கள். வயரின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு கருவியும் இல்லாமல் வருபவரிடம், அவர் எத்தனை வருட அனுபவம் சொன்னாலும், இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். சான்றிதழ் வைத்திருப்பவர் அதைக் காட்டக் கோபப்பட மாட்டார்.

மற்ற புகார்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கெபாசிட்டர். அது சின்னச் செலவு. 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயிண்டில் சொருகினால் பாயிண்ட் கருகும். சமையலறைக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று தனி வயரில் கொடுக்காமல் குடியிருப்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு விளக்கு மங்கும்போது இன்னொன்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மெயினை அணைத்துவிட்டு ஈபி ஆபீஸுக்கோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கோ சொல்ல வேண்டும். கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் சில வீடுகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும். ஃபியூஸ் கட்டையில் தடிமனான செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தால் அது ஃபியூஸே இல்லை.

ஆர்.சி.சி.பி. காக்காத இடங்களும் உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்தவரை அதற்கு அடையாளம் தெரியாது. அவரை ஒரு பல்பு என்றுதான் அது நினைக்கும். கம்பத்துக்கும் அதற்கும் நடுவே இருக்கும் எதையும் அது பார்க்காது. கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்கி நிற்கும் ஜி.ஐ. கம்பியைப் பாருங்கள். வெயிலில் வயரின் தோல் வெடித்து அந்தக் கம்பியைத் தொட்டால், கம்பி போய்ச் சேரும் இரும்புக் குழாய், அந்தக் குழாயில் கட்டியிருக்கும் துணிக்கொடி எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும். மாடியில் கம்பிக் கொடி கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் வயர் வெடித்திருந்தால் நீங்களே டேப் சுற்ற வேண்டாம், மெயினை அணைத்தாலும் அதில் கரண்ட் இருக்கும். ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுத்து லைன் துண்டித்த பிறகே மாற்ற வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கினால் சுவரெல்லாம் ஊறும், ஷாக் புகாரும் கூடவே வரும். அதற்கு முன்னால் ஆள் பிடியுங்கள். ஒரே நேரத்தில் எல்லாப் போர்ஷனுக்கும் முடியாவிட்டால், குழந்தைகள் இருக்கும் வீட்டையும் பொது மோட்டாரையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எர்த் எத்தனை ஓம், எந்தத் தேதியில் பார்த்தது, பார்த்தவர் பெயர் என்ன என்று ஒரு தாளில் எழுதி மெயின் போர்டின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். புதிதாகக் குடிவருபவரிடம் சாவியைக் கொடுக்கும்போது ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனையும் காட்டுங்கள். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் சாதனம் செத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
மதுரையில் வீட்டு வயரிங் வேலை பார்க்கும் ஒரு வயர்மேன்